நாலு மணிக்கு எழுந்தால்தான் எழுத்து வருமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். கணவர், இரண்டு பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் மாமியார். கல்லூரி நாளிலிருந்தே கதை எழுத ஆசை. விருது வாங்கிய எழுத்தாளர்களின் பேட்டி எங்கே வந்தாலும் தேடிப் படிப்பேன். ஒருவர் விடியுமுன் எழுந்து எழுதினேன் என்கிறார். இன்னொருவர் நான்கு வாரம் அறைக்குள்ளேயே இருந்து எழுதினேன் என்கிறார். நானும் நாலு மணிக்கு அலாரம் வைத்து பதினோரு நாள் எழுந்தேன். மூன்று பக்கம்தான் தேறியது. என் நாளில் எழுத என்ன இருக்கிறது? ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கும் ஒரு பாட்டிக்குக் கை நடுக்கம். கட்டை எண்ணித்தான் கூலி. பாவம் என்று அவர் பேரில் தினம் ஒரு கட்டை கூட்டி எழுதிவிடுவேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. எழுத்தாளர்களுக்கு வருகிற அந்தத் தூண்டுதல் எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, நோயாளிக்குப் பணிவிடை எல்லாம் செய்கிற உடம்புக்குத் தூக்கம் வேண்டும்.

நீங்கள் சொல்லும் இருவரையும் எனக்கு அடையாளம் தெரிகிறது. விடியுமுன் எழுதியவர் டோனி மாரிசன், 1993-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர். மணவிலக்கு ஆனவர். இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தார், பதிப்பகத்தில் எடிட்டர் வேலையும் பார்த்தார். பிள்ளைகள் கண்விழித்து ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்கு முன்னால் கிடைத்த நேரம்தான் அவருடைய நேரம். அதனால் ஐந்து மணி வாக்கில் எழுத உட்கார்ந்தார். அந்த வேளையில் தலை தெளிவாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பின்னால் தெரிந்த விஷயம். முதல் நாவல் 1970-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 39.

நான்கு வாரக்காரர் பிரிட்டிஷ் எழுத்தாளர் கசுவோ இஷிகுரோ. இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் ஆங்கிலேய வீட்டுப் பணியாளரின் கதையான ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ நாவலை 1987 கோடையில் அப்படித்தான் எழுதினார். திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து இரவு பத்தரை வரை. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு. தபால் பிரிக்கவில்லை, போன் பக்கமே போகவில்லை. காலையில் எழுதியதற்கு மாறாகச் சாயங்காலம் எழுதினாலும் கவலைப்படாமல் மேலே போனார். 1989-இல் அந்த நாவலுக்கு புக்கர் பரிசு கிடைத்தது.

ஆனால் அவரே எழுதியிருக்கும் இன்னொரு செய்தி பலர் கண்ணில் படுவதில்லை. அந்த நான்கு வாரமும் அவருடைய பங்குச் சமையலையும் வீட்டு வேலையையும் மனைவி லோர்னா, தன் வேலைகளுக்கு நடுவில், ஏற்றுக்கொண்டார். அப்புறம், இஷிகுரோ அறைக்குள் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. ஆங்கிலேய வீட்டுப் பணியாளர்களைப் பற்றியும், அவர்களே எழுதியும் வந்த புத்தகங்களை முன்னாலேயே நிறையப் படித்திருந்தார்.

உங்கள் பங்கு வேலையை ஏற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள்? கணவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தன் அம்மாவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். தயங்காமல் கேளுங்கள். விருது வாங்கியவருக்கே தேவைப்பட்ட உதவிதான் அது.

தூண்டுதல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். துருக்கியின் ஓரான் பாமுக் 2006-இல் நோபல் பரிசு பெற்றபோது தன் அப்பாவின் பெட்டியைப் பற்றி உரையாற்றினார். எழுத்தாளராக ஆசைப்பட்டு நோட்டு நோட்டாக எழுதிய அப்பா, இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அவற்றை ஒரு பெட்டியில் போட்டு மகனிடம் கொடுத்தார். தன் காலத்துக்குப் பிறகு படிக்கச் சொன்னார். அந்த உரையில் பாமுக் சொல்கிறார்: தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது, எழுத்தாளரின் ரகசியம் பிடிவாதமும் பொறுமையும்தான். ஊசியால் கிணறு தோண்டுவது என்று துருக்கியில் ஒரு பழமொழி உண்டாம், அதைச் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் பதினோரு நாளில் மூன்று பக்கம் குறைவே இல்லை. அவற்றைக் கிழித்துவிடாதீர்கள்.

கோவில்பட்டியில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பதுதான் எனக்கு வருத்தம். பக்கத்து இடைசெவலில் பிறந்த இருவர் சாகித்ய அகாதெமி விருது பெற்றிருக்கிறார்கள். கு. அழகிரிசாமிக்கு 1970-இல், கி. ராஜநாராயணனுக்கு 1991-இல். கி.ரா. பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி, அதாவது விவசாயி. மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பார். முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார். ஊர்க்காரர்கள் பேசிய சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியே போட்டார். அவர் கேட்ட அதே பேச்சு உங்கள் ஆபீஸிலும் நாளெல்லாம் நடக்கிறது.

ராஜம் கிருஷ்ணனும் நினைவுக்கு வருகிறார். பதினைந்து வயதில் திருமணம், கல்லூரிப் படிப்பு கிடையாது. 1973-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். பேர் வாங்கிய பிறகும் வீட்டிலிருந்தபடியே கற்பனை செய்து எழுதவில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நேரில் போய்ப் பார்த்துப் பழகித்தான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அவர் ஊர் விட்டு ஊர் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்களோ தினமும் உழைப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் கை வேகம், யார் வீட்டில் கடன், முன்பணம் கேட்க யார் எந்தக் கிழமை வருவார்கள் என்பதெல்லாம் உங்கள் கணக்கு நோட்டுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் எழுத்தாளருக்கு அது வருடக்கணக்கில் காத்திருந்தாலும் கிடைக்காது.

பல வருடமாக வாசகர் கடிதங்களைப் படிக்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்தப் பாட்டி வரும் இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருப்பதை இரண்டாம் முறைதான் படிக்க முடிந்தது. நீங்கள் ‘பாவம்’ என்று ஒரே சொல்லில் தாண்டிப் போய்விட்டீர்கள். தாண்டாமல் அங்கேயே இருங்கள். நாவல் வேண்டாம். கூடப்பிறந்த அக்காவுக்குக் கடிதம் எழுதுவது மாதிரி, நீங்கள் பேசுகிற பேச்சிலேயே நான்கு பக்கம் போதும். முதலாளி வந்து நோட்டைப் புரட்டும்போது உங்களுக்கு வயிறு கலங்குமே, அதுவும் வரட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கால் பக்கம் எழுதினாலும் சரி. பாட்டியின் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள், அவருக்கோ உங்களுக்கோ கெடுதல் வரக் கூடாது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்த ஒரு கட்டைக் கூலி எப்படி வருகிறது என்று பாட்டிக்குத் தெரியுமா? சனிக்கிழமை கூலி வாங்கும்போது உங்களை நிமிர்ந்து பார்ப்பாரா, பார்க்காமல் போய்விடுவாரா? கடிதத்தில் அது இல்லை. அங்கிருந்தே தொடங்குங்கள், எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.