கொலோனலா, கர்னலா?

கேள்வி: ராணுவப் பதவியைக் குறிக்கும் 'கர்னல்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் ஆர் இல்லவே இல்லை. அந்த ஒலி எங்கிருந்து வந்தது?

பதில்: சி, ஓ, எல், ஓ, என், இ, எல். இரண்டு எல் உண்டு, ஆர் கிடையாது. இத்தாலிய மொழியில் 'கொலொன்னா' என்றால் தூண். தூண்போல் நீண்டு நிற்கும் படையணிக்கும் அதே பெயர். அந்த அணியின் தலைவர் 'கொலொனெல்லோ'. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் முதல் ல, ர ஆகி 'கொரொனெல்' என்றாயிற்று. பந்தல் பந்தராகவும் சாம்பல் சாம்பராகவும் ஆனதைப் 'போலி' என்று நம் இலக்கணம் சொல்லும் அல்லவா, அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது இந்த ர உள்ள வடிவம்தான். பிறகு படித்தவர்கள் இத்தாலிய மூலத்தைப் பார்த்து எழுத்தை மாற்றினார்கள். பேசுகிறவர்கள் மாறவில்லை. நடு உயிரும் தேய்ந்து 'கர்னல்' நிலைத்தது. பருப்பைக் குறிக்கும் 'கெர்னல்' என்ற சொல்லும் இதுவும் ஆங்கிலக் காதுக்கு ஒன்றேதான். பிரிட்டிஷ் உச்சரிப்பில் அந்த ர்கூடக் கேட்காது. முதல் உயிர் நீளும், அவ்வளவுதான்.

கேள்வி: 'இன்டிக்ட்' என்று படித்தேன், திருத்தினார்கள்.

பதில்: திருத்தியது சரி. 'இன்டைட்'. ஒருவர் மீது முறைப்படி குற்றம் சாட்டுவது என்று பொருள். லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பின்னால் நுழைத்த சி அது, ஒலிக்காது. 'டெட்' (கடன்) என்ற சொல்லில் பி வந்த கதையும் இதேதான்.

கேள்வி: மழை வாசனைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறதாமே? 'பெட்ரிச்சோர்' என்கிறார்கள்.

பதில்: 'பெட்ரிக்கோர்'. அழுத்தம் 'பெட்' மீது. கிரேக்கத்திலிருந்து வரும் சொற்களில் சிஹெச் பெரும்பாலும் க-தான். 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் உருவாக்கிய சொல் இது. 'பெட்ரா' என்றால் பாறை. கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் நரம்பில் ரத்தத்துக்குப் பதில் ஓடுவது 'ஐக்கோர்'. பாறையின் குருதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைக்குள் இப்படியொரு கவிதையா என்று இன்றும் வியக்கிறேன். வறட்சிக் காலத்தில் செடிகள் கசியவிடும் எண்ணெயை மண்ணும் கல்லும் உறிஞ்சி வைத்திருக்கும். மழைத்துளி விழுந்ததும் அது காற்றில் கிளம்புகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் கூடவே சேரும். தமிழில் தயங்காமல் 'மண்வாசனை' என்றே எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஒரு வட்டாரத்தின் சாயல் என்று நாம் மண்வாசனைக்குத் தரும் இன்னொரு பொருள் பெட்ரிக்கோருக்குக் கிடையாது.

கேள்வி: 'எபிடோம்' என்றால் உச்சமா?

பதில்: 'எபிட்டமி', நான்கு அசை. உச்சம் இல்லை, ஒரு குணத்துக்கு அப்படியே உருவம் கொடுத்தது போன்றவர். 'பொறுமையின் மறு உருவம்' என்போமே, அது. சுருக்கம் என்பது இதன் பழைய பொருள். 'ஹைப்பர்பொலி'யிலும் (மிகைக்கூற்று) கடைசி இ ஒலிக்கும்.

கேள்வி: 'டிஸ்இன்ட்ரெஸ்டட்', 'அன்இன்ட்ரெஸ்டட்' இரண்டும் ஒன்றா?

பதில்: நடுவர் முதல் வகையாக இருக்கலாம், இரண்டாம் வகையாக இருக்கக் கூடாது. முதலாவது, தனக்கென்று ஆதாயம் இல்லாத நடுநிலை. இரண்டாவது, ஆர்வமின்மை. ஆங்கிலேயர்களே இப்போது கலந்து எழுதுகிறார்கள் என்றாலும் இந்த வேறுபாட்டைக் கைவிடாதீர்கள். நடுநிலையை ஒரே சொல்லில் சொல்ல அது உதவுகிறது.

கேள்வி: தமிழிலிருந்து போன சொற்களை ஆங்கிலம் பேசும்போது தமிழ்ப்படி சொல்லலாமா?

பதில்: வேண்டாம், எதிரே இருப்பவருக்குப் புரியாது. நம் சுருட்டு பிரெஞ்சு வழியாகப் போனதால் 'ஷெரூட்' ஆயிற்று. அழுத்தம் 'ரூட்' மீது. கட்டுமரம் 'கேட்டமரேன்', அங்கே கடைசி அசையை அழுத்த வேண்டும். பொருளும் நகர்ந்துவிட்டது. நமக்கு அது கயிற்றால் பிணைத்த மரத்துண்டுகள். அவர்களுக்கு இன்று, இணையாக இரண்டு அடிப்பகுதிகள் கொண்ட எந்தப் படகும் கேட்டமரேன்தான். அதில் மரம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.