பழைய செயின்சாவில் கம்ப்ரெஷன் குறைவா?

கேள்வி: பழைய செயின்சா வாங்கினேன். கயிறு லேசாக இழுபடுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) அளக்கும் கேஜில் 90 பி.எஸ்.ஐ.தான். பிஸ்டன் போய்விட்டதா?

பதில்: முதலில் கேஜைச் சந்தேகியுங்கள். கார் கேஜில் வால்வு குழாயின் கேஜ் பக்க முனையில் இருந்தால், இவ்வளவு சின்ன சிலிண்டரில் குறைத்தே காட்டும். வால்வு, ஸ்பார்க் பிளக் துளையில் திருகும் முனையிலேயே இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, டீகம்ப்ரெஷன் வால்வை (கயிறு லேசாக இழுபட அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) மூடி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு, முள் ஏறாமல் நிற்கும்வரை இழுங்கள். பெரும்பாலும் 120க்கு மேல் வரவேண்டும்.

அப்போதும் குறைவென்றால் பிளக் துளையில் சில சொட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டுப் பாருங்கள். முள் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடியுங்கள்: பிஸ்டனில் நெடுக்காகக் கீறல் தெரிந்தால், பெட்ரோலில் ஆயில் போதாமல் ஓடியிருக்கலாம். கீறிய சிலிண்டரில் புது ரிங் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அதையும் சீக்கிரமே தின்றுவிடும்.