இமேஜிங் ஆய்வு உதவியாளர் வேலை: கேளுங்கள், சொல்கிறேன்

முதலில் செல் நுண்ணோக்கிக் கூடத்திலும் அப்புறம் மூளை எம்.ஆர்.ஐ. ஆய்விலும் உதவியாளராக இருந்தவள் நான். ஆய்வுக்காகச் செல்களையும் உடலையும் படமெடுத்து அளக்கும் இந்த வேலை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, நான் இயற்பியல் படித்தவன், மருத்துவம் ஒன்றும் தெரியாது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. சி.டி. ஸ்கேனுக்காக 1979-இல் மருத்துவ நோபல் பெற்ற இருவரில் ஹவுன்ஸ்ஃபீல்டு பொறியாளர், கார்மாக் இயற்பியலாளர். உடற்கூறியலை வேலை செய்துகொண்டே கற்கலாம். அளவீட்டில் பிழை எங்கே நுழையும் என்று யோசிக்கிற பழக்கம்தான் சட்டென்று வராது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

கேள்வி: நாள் முழுக்க ஸ்கேனர் பக்கத்திலேயா இருப்போம்?

பதில்: இல்லை. வருகிறவரிடம் பேஸ்மேக்கர் உண்டா, உடலில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று விசாரிப்பது (ஸ்கேன் ஓடாதபோதும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனரின் பலமான காந்தம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், அதனால் சும்மா உள்ளே எட்டிப் பார்க்கிற பேச்சே கிடையாது), படத்தில் தலை அசைந்திருக்கிறதா என்று பார்ப்பது, கட்டியையோ மூளைப் பகுதியையோ சுற்றி எல்லை வரைவது, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது என்று போகும். அதிக நேரம் பிடிப்பது எல்லை வரைவதுதான். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து ஒப்பிடுங்கள், வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் உங்கள் எண்களை நம்பலாம்.

கேள்வி: நுண்ணோக்கிப் படம் மங்கலாக இருந்தது, வெளிச்சம் கூட்டிச் சேமித்தேன், திட்டு வாங்கினேன். அவ்வளவு பெரிய தப்பா?

பதில்: ஆமாம். திரையில் பார்ப்பதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு பிக்சலும் ஓர் அளவீடு. 8-பிட் படத்தில் 255-க்கு மேல் எண்ணே இல்லை, ஆகவே எடுக்கும்போதே ஒளி மிஞ்சிவிட்டாலோ, பிறகு அளவுக்கு மீறிக் கூட்டிச் சேமித்தாலோ, பிரகாசமான செல்லும் அதைவிட இரண்டு மடங்கு பிரகாசமான செல்லும் ஒரே 255 ஆகிவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் பிரித்தெடுக்க முடியாது. ஜேபெக்காகச் சேமித்தாலும் எண்கள் மாறும், டிஃப் வடிவத்தில் வையுங்கள். இன்னொன்று, மருந்து கொடுக்காத செல்களைக் காலையிலும் கொடுத்தவற்றை மாலையிலும் எடுத்தால் விளக்கின் மாற்றமும் மருந்தின் விளைவும் கலந்துவிடும். நான் அப்படிச் செய்து மூன்று வார வேலையை முதலிலிருந்து செய்தேன். மாற்றி மாற்றி எடுங்கள்.

கேள்வி: நோயாளியின் பெயரை அழித்தால் போதுமா?

பதில்: போதாது. மருத்துவ ஸ்கேன்கள் சேமிக்கப்படும் டைகாம் கோப்புக்குள் பிறந்த தேதி, நோயாளி எண் எல்லாம் இருக்கும். அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கலாம். தலை எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தையே முப்பரிமாணத்தில் உருவாக்கிவிட முடியும், அதனால் வெளியே பகிரும் முன் முகப்பகுதியை நீக்குங்கள்.

கேள்வி: அனுபவமே இல்லை. நேர்காணலில் எதைக் காட்டுவது?

பதில்: படங்களை அளக்க உதவும் ஃபிஜி, 3டி ஸ்லைசர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஓப்பன்நியூரோ தளத்தில் மூளைப் படங்கள் கிடைக்கும். 20 படங்களை எடுத்து அளந்து, எவற்றை ஒதுக்கினீர்கள், ஏன் என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். ஆள் எடுக்கும் குழுவில் இருந்தபோது சான்றிதழ்களைவிட அந்த மாதிரிப் பக்கத்தைத்தான் நான் நிதானமாகப் படித்தேன்.