துண்டை மடித்தவர் யார்?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரு நாடகக் குழுவுக்கு எழுதி வருகிறேன். இனி சிறுகதையும் பிறகு சினிமாவும் முயல எண்ணம். நாடகக்காரர் எழுதினால் எல்லாம் வசனமாகவே இருக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. நானும் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தவன்தான். என் நாடகம் ஒன்றில், மகன் வேலையை விட்டுவிட்டான் என்று கேட்ட தந்தை ஒன்றும் பேசாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்து, மறுபடி உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அரங்கம் அப்படியே அடங்கிவிடும். அதே காட்சியைச் சிறுகதையாக்கி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். தந்தை கல்லாக நிற்கிறார் என்று குறிப்பெழுதி ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். எடுத்துப் பார்த்தால், அந்தத் துண்டு என் பிரதியில் எங்குமே இல்லை. அது நடிகர் கொண்டுவந்தது! இத்தனை நாள் நடிகரும் ஒளியமைப்பாளரும் உங்களுக்காகச் செய்துதந்தது என்னென்ன என்று முதலில் கணக்கெடுங்கள். கதையில் அத்தனையையும் நீங்களே எழுத வேண்டும்.

சினிமாவில் சிக்கல் வேறு. கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்று மேடையில் உணர்ச்சியைச் சொல்லில் ஏற்றுகிறோம். கேமரா முகத்தருகே வந்தபின் அந்தச் சொல் மிகையாகிவிடுகிறது. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணிபுரிந்தபடியே நாடகம் போட்ட கே. பாலசந்தர், 1965இல் தம் முதல் படமாக இயக்கிய 'நீர்க்குமிழி' அவருடைய மேடை நாடகம்தான். கதைக்களம் ஒரு மருத்துவமனை. 1968இல் வந்த 'எதிர்நீச்சல்' படமும் அவருடைய நாடகமே. பல குடித்தனங்கள் உள்ள ஒரே வீடு, மாடிப்படிக்கடியில் ஒண்டிக்கொண்டிருக்கும் மாது என்ற இளைஞன். அவர் படங்களில் வசனம் அதிகம் என்ற குறையை நான் மறுக்கவில்லை. ஆனால், ஓரிடத்தில் ஆட்களை நிறுத்தி, யார் வருகிறார், யார் போகிறார் என்பதைக் கொண்டே கதையை நகர்த்தும் அந்தக் கணக்கு மேடை தந்த சொத்து. அதை எக்காரணம் கொண்டும் கைவிடாதீர்கள்.

(ந. முத்துசாமி எதிர்த்திசையில் நடந்தவர். சிறுகதையிலிருந்து நாடகத்துக்குப் போய், 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்.)

உங்கள் நாடகத்தில் அதிகம் கைதட்டல் வாங்கிய காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, வசனத்தை முழுவதும் அடித்துவிட்டு, மிஞ்சுவதை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். மனம் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள்.