மொக்கசின் பூவைப் பெயர்த்து வந்து நடலாமா?

நியூ ஹாம்ப்ஷயரில் வசிக்கும் வாசகி ஒருவர், வீட்டுக்குப் பின்னாலுள்ள பைன் காட்டில் இளஞ்சிவப்புப் பை தொங்குவதுபோன்ற பூவொன்றைக் கண்டிருக்கிறார். அண்டை வீட்டாரில் ஒருவர் அதை ‘மொக்கசின் ஃப்ளவர்’ என்றும் மற்றவர் ‘பிங்க் லேடீஸ் ஸ்லிப்பர்’ என்றும் சொல்கிறார்களாம். இரண்டும் ஒன்றுதானா, அதைத் தோட்டத்தில் நடலாமா என்று கேட்கிறார்.

இரண்டும் ஒரே ஆர்க்கிட்தான். தாவரவியல் பெயர் சிப்ரிபீடியம் அகாலே. மொக்கசின் என்பது வட அமெரிக்கப் பழங்குடியினர் அணிந்த மெல்லிய தோல் காலணி. அல்கோன்கிய மொழிகளிலிருந்து வந்த சொல். தாவரவியல் பெயரின் முற்பகுதியும் கிரேக்கத் தேவதை அஃப்ரோடைட்டியின் காலணியையே குறிக்கிறது. ஆனால் ‘லேடீஸ் ஸ்லிப்பர்’ என்று மட்டும் சொன்னால் மஞ்சள் பூ பூக்கும் இனத்தையும், மினசோட்டாவின் மாநில மலரான வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த இனத்தையும்கூட அது குறிக்கும் என்பதால், நர்சரியில் பொதுப்பெயரை நம்பி வாங்காதீர்கள். உங்கள் செடியில் தரையை ஒட்டி இரண்டே இலைகள் இருந்து, பூத்தண்டு இலையின்றி நின்று, பையின் முன்புறம் மேலிருந்து கீழாக ஒரு பிளவு ஓடினால் அது அகாலேதான். மற்ற இரண்டிலும் தண்டிலேயே இலைகள் இருக்கும், பையின் வாய் மேற்புறம் வட்டமாகத் திறந்திருக்கும்.

அந்தப் பிளவைக் குனிந்து பாருங்கள். தேனைத் தேடிவரும் பெரிய வண்டுத்தேனீ அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும். வந்த வழியில் திரும்ப முடியாமல், பின்புறத்திலுள்ள சிறு துளையொன்றை நோக்கி ஏறி, சூல்முடியை உரசி, மகரந்தத்தை முதுகில் சுமந்து வெளியேறும். உள்ளே தேனே கிடையாது. ஒருமுறை ஏமாந்த தேனீ மறுபடி வரத் தயங்குவதால், காய் பிடிப்பது மிகவும் அரிது.

தயவுசெய்து தோண்டாதீர்கள். இதன் தூசி போன்ற விதைக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும், பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். பைன் ஊசிகள் மக்கிய மிகுந்த அமில மண்ணையும் அந்தப் பூஞ்சையையும் தோட்டத்தில் உருவாக்குவது கடினம் என்பதால், இடம் மாற்றிய செடிகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மடிந்துவிடுகின்றன. 1991இல் உங்கள் மாநிலம் தன் காட்டுமலராக அறிவித்த செடி, முளைத்த இடத்திலேயே இருக்கட்டும். தோட்டத்தில் ஒன்று வேண்டுமென்றால், ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்த மஞ்சள் இனத்தை விற்பவரிடம் விசாரித்து வாங்குங்கள். அது தோட்ட மண்ணுக்கு ஓரளவு இணங்கும்.

காட்டிலுள்ளதைச் சுற்றி நான்கு குச்சிகளை ஊன்றி, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைன் சருகை வாரிவிடாதீர்கள். பூ வாடியபின் காய் பிடித்திருந்தால், இலையுதிர்காலத்தில் அது வெடித்து விதைகள் காற்றில் பறக்கும்வரை தண்டை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.