4294967297 பகா எண்ணா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 4294967297 ஒரு பகா எண் என்று பழைய குறிப்பு ஒன்றில் படித்தேன். சரிதானா?

இல்லை, பகு எண். ஆனால் எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். 17-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மாவே அப்படித்தான் நம்பினார். 2-க்கு 1, 2, 4, 8, 16 என்று அடுக்குப் போட்டு, விடையோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. அதில் வருவதுதான் நீங்கள் கேட்ட எண். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர், 641 இதை மீதியில்லாமல் வகுக்கும் என்று காட்டினார்.

தாளை எடுத்து வகுத்துப் பாருங்கள். 4294-இல் 641 ஆறு தடவை போகும், மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489. ஏழு தடவை போக மீதி வெறும் 2. அடுத்து 26, 267 இரண்டுக்கும் ஈவில் பூஜ்யம். பிறகு 2672, 1089, கடைசியாக 4487. அது 641-இன் சரியான ஏழு மடங்கு! ஈவு 6700417, அதுவும் பகா எண்தான்.

கேள்வி: 641 வரை எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடும்.

வகுக்காமலும் காட்டலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16-உம்கூட. 640-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளுங்கள். நான்காம் அடுக்குக்குப் போனால் மீதி 1, அதாவது 625 × 2²⁸-க்கு மீதி 1. இனி 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. ஆகவே 2³² + 1-க்கு மீதி 0. எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத வழி இது.

கேள்வி: மொத்தம் எத்தனை வகுஎண்கள்?

நான்கே: 1, 641, 6700417, அப்புறம் அந்த எண்.

கேள்வி: புரோகிராமில் இந்த எண்ணைக் கொடுத்தால் 1 என்று காட்டுகிறதே?

நீங்கள் எடுத்திருப்பது குறியில்லாத 32 பிட் வகை, அதாவது எதிர்ம எண்கள் இல்லாத, 32 இரும இலக்கங்களுக்கு மட்டும் இடமுள்ள வகை. இந்த எண்ணை இருமத்தில் (0, 1 மட்டும் கொண்டு) எழுதினால் இரு முனையிலும் 1, நடுவே 31 பூஜ்யங்கள். மொத்தம் 33 இலக்கம். முன்னால் உள்ள 1 இடமில்லாமல் விழுந்துவிடும். 64 பிட் வகைக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537! அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க, ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் இதுவரை அறிந்த மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள்தான்.

கேள்வி: 3, 5, 17 என்று போகும் அந்த வரிசையில் 65537-க்கு அப்புறம் பகா எண் உண்டா?

இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 3-ஐப் பூஜ்யமாவது உறுப்பு என்று எண்ணினால், 5-ஆவது முதல் 32-ஆவது வரை எல்லா உறுப்புகளுமே பகு எண்கள். 33-ஆவது இன்னும் முடிவாகவில்லை. எழுதினால் 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள் வரும்.