ஒரே வசனம், ஓர் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 42 வயது. ஏழு வயதில் குர்ஆனைக் கையில் எடுத்தேன், பத்து வயதில் முதல் கத்தம், அதாவது முழுக் குர்ஆனையும் ஓதி முடித்தது. அதன் பிறகு ஒரு வருடம்கூட ரமலான் கத்தம் தவறியதில்லை. சரளமாக ஓதுவேன், ஆனால் அரபி தெரியாது. போன வருடம் ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்), "பொருள் தெரியாமல் ஓதுவதும் கிளி சொல்வதும் ஒன்றுதான்" என்று சொல்லக் கேட்டேன். மனசே உடைந்துவிட்டது. சரி, இனி புரிந்துதான் படிப்பது என்று மொழிபெயர்ப்பை எடுத்தேன். ஓதுவது அப்படியே நின்றுபோனது. மொழிபெயர்ப்பும் பத்து இருபது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. இப்போது இரண்டும் இல்லை. நெஞ்சு வறண்டு கிடக்கிறது. இத்தனை வருடம் ஓதியதெல்லாம் வீணா அக்கா? நான் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்.

முதலில் உங்களைக் காயப்படுத்திய அந்த வார்த்தையைப் பார்த்துவிடுவோம். நீங்கள் ஓதியது வீணில்லை. ஆறுதலுக்காக நான் சொல்லும் பேச்சில்லை இது. குர்ஆனில் ஓர் எழுத்தை ஓதினால் ஒரு நன்மை, அது பத்து மடங்காகும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) திர்மிதி தொகுப்பில் இருக்கிறது. நீங்களும் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். அதற்கு நபியவர்கள் எடுத்துச் சொன்ன உதாரணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? "அலிஃப் லாம் மீம் ஓர் எழுத்து என்று சொல்லமாட்டேன். அலிஃப் ஓர் எழுத்து, லாம் ஓர் எழுத்து, மீம் ஓர் எழுத்து." குர்ஆனில் ஆறு சூராக்கள் (அத்தியாயங்கள்) இந்த மூன்று எழுத்துகளோடு தொடங்குகின்றன. இதன் பொருள் அல்லாஹ்வுக்கே தெரியும் என்று பெரும் அறிஞர்களே விட்டுவிட்ட இடம் இது. நன்மையைக் கணக்கிட்டுக் காட்ட அந்த இடத்தைத்தானே எடுத்தார்கள்! பொருள் தெரியாத நாவுக்கும் கூலி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

அப்புறம் நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். திறமையாக ஓதுகிறவர் கண்ணியமான வானவர்களோடு இருப்பார். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. திணறும் நாவைக்கூடக் கடிந்துகொள்ளாத மார்க்கம் இது. கிளி என்று சொல்லும் உரிமையை யாருக்கும் அது கொடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பேச்சாளரின் கவலை முழுக்கத் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். வார்த்தைதான் தவறு. இந்த வேதத்தை இறக்கியதே இதன் வசனங்களை மக்கள் சிந்திப்பதற்காக என்று அல்லாஹ்வே சொல்கிறான் (38:29). "அவர்கள் இந்தக் குர்ஆனைச் சிந்திக்க வேண்டாமா, அல்லது இதயங்கள் மீது பூட்டுகள் இருக்கின்றனவா?" என்றும் கேட்கிறான் (47:24). இந்த இரண்டாவது வசனத்தில் எனக்குப் பிடிபட நெடுநாளான ஒன்று உண்டு. இந்தக் கேள்வி முதலில் யாரிடம் கேட்கப்பட்டது? அரபியைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களிடம். அவர்களுக்கு அகராதி தேவையில்லை, மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்த உடனே புரியும். அவர்களைப் பார்த்துத்தான் பூட்டு என்கிறான்.

அப்படியென்றால் சிந்திப்பது என்பது மொழி தெரிவது மட்டும் இல்லை. அதற்கான அரபிச் சொல் ததப்புர். ஒன்றின் பின்புறம், முடிவு என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருவது. ஒரு சொல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பது. அரபி தெரிந்தவருக்கு அந்த வழியில் வெளிச்சம் அதிகம், சந்தேகமில்லை. முடிந்தால் நீங்களும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நடக்காமல் ஓடினால் அவருக்கும் எதுவும் கண்ணில் படாது.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது அந்த ஓட்டம்தான். முன்பு கத்தத்தை நோக்கி ஓடினீர்கள். இப்போது மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்தை நோக்கி ஓடப் பார்த்தீர்கள், மூச்சு வாங்கிவிட்டது. ஓதுவது நாவின் வேலை, புரிவது புத்தியின் வேலை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டதில்தான் சிக்கல். இரண்டும் ஒரே வேலை. மெதுவாகச் செய்தால் மட்டுமே அது ஒரே வேலையாக இருக்கும்.

குர்ஆன் வந்த விதத்தையே பாருங்கள். ஏறக்குறைய 23 ஆண்டுகள். இது ஏன் மொத்தமாக ஒரேயடியாக இறக்கப்படவில்லை என்று மறுத்தவர்கள் கேட்டார்கள். "இதைக் கொண்டு உம் இதயத்தை உறுதிப்படுத்துவதற்காக" என்பது பதில் (25:32). நபியின் இதயத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்டப்பட்டிருக்கிறது. நபியவர்கள் ஓதும்போது ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி நிறுத்தி ஓதுவார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) சொல்கிறார்கள். ஹுதைஃபா (ரலி) ஓர் இரவு நபியவர்களுக்குப் பின்னால் நின்று தொழுதார். அல்லாஹ்வைத் துதிக்கும் வசனம் வந்தால் துதித்தார்கள், கேட்க வேண்டிய வசனம் வந்தால் கேட்டார்கள், பாதுகாப்புத் தேட வேண்டிய வசனம் வந்தால் பாதுகாப்புத் தேடினார்கள் என்கிறார். இதை ஓதல் என்பதா, உரையாடல் என்பதா?

இன்னோர் இரவைப் பற்றி அபூதர் (ரலி) சொல்கிறார். நபியவர்கள் தொழுகையில் நின்று ஒரே வசனத்தை விடியும்வரை திரும்பத் திரும்ப ஓதினார்கள். ஈஸா (அலை), அதாவது இயேசு, மறுமையில் சொல்லும் வசனம் அது: "நீ அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள். நீ அவர்களை மன்னித்தால் நிச்சயமாக நீயே மிகைத்தவன், ஞானமிக்கவன்" (5:118). மன்னிப்பைப் பற்றிப் பேசிவிட்டு, "மன்னிப்பவன், கருணையாளன்" என்று முடிக்காமல் "மிகைத்தவன், ஞானமிக்கவன்" என்று முடிகிறது. பரிந்து பேச வாய் வருகிறது, ஆனால் அவன் முன்னால் கேட்கவும் தயங்கி, முடிவை அவனிடமே விட்டுவிடும் ஒரு நிலை. இதன் பொருள் நபியவர்களுக்கு முதல் தடவையே தெரியும். பிறகு எதற்கு விடியவிடிய? தெரிந்துகொள்வதற்காக இல்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த வசனத்தைவிட்டு அவர்களால் நகர முடியவில்லை.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் கணவர் மவுத்தான பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் (கணவனை இழந்தவள் காத்திருக்கும் காலத்தில்) இருந்தேன். சிறுவயதிலிருந்து எனக்கு நாவில் நன்றாக ஊறிய சூராக்களில் வள்ளுஹாவும் ஒன்று. மொத்தம் 11 வசனம், சுபுஹு (அதிகாலை) தொழுகையில் கை கட்டினால் தானாக வந்துவிடும். முப்பது வருடமாக அப்படித்தான் ஓதிக்கொண்டிருந்தேன், உங்களைப் போலவே, பொருளைப் பற்றி நினைக்காமல். ஒரு நாள் சுபுஹில் "மா வத்தஅக ரப்புக வமா கலா" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அடுத்த வசனம் மறந்ததால் இல்லை. 'வத்தஅ' என்ற சொல் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஹஜ்ஜத்துல் வதா என்கிறோமே, விடைபெறும் ஹஜ், அந்த 'வதா'வும் இதுவும் ஒரே வேர். உன் ரப்பு (இறைவன்) உனக்கு விடைகொடுத்துவிடவில்லை. ஒருவருக்கு விடைகொடுத்து இரண்டு மாதம்கூட ஆகாத வீட்டில், இருட்டு விலகாத நேரத்தில் அந்தச் சொல் எனக்கு என்ன செய்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தொழுது முடித்துத் தப்ஸீரை (குர்ஆன் விளக்கவுரையை) எடுத்துப் பார்த்தேன். வஹீ (இறைச்செய்தி) சில காலம் வராமல் இருந்தபோது, "முஹம்மதை அவருடைய ரப்பு கைவிட்டுவிட்டான்" என்று பேச்சு கிளம்பியது. அதற்குப் பதிலாக வந்தது இந்தச் சூரா. முற்பகல் வெளிச்சத்தின் மீதும், அடங்கிக் கிடக்கும் இரவின் மீதும் சத்தியம் செய்துவிட்டு அல்லாஹ் பேசத் தொடங்குகிறான். "உம்மைக் கைவிடவில்லை" என்ற இடத்தில் 'உம்மை' இருக்கிறது, 'வத்தஅக' என்பதின் கடைசியில் வரும் அந்த 'க'. "வெறுக்கவும் இல்லை" என்ற இடத்தில் 'உம்மை' இல்லை, வெறுமனே 'கலா'. வெறுப்பு என்ற சொல்லை, இல்லை என்று மறுக்கும்போதுகூட, தன் நபியோடு சேர்த்து வைக்க அல்லாஹ் விரும்பவில்லை என்று முஃபஸ்ஸிர்கள் (விளக்கவுரையாளர்கள்) சொல்லும் காரணங்களில் ஒன்று இருக்கிறது. ஓர் எழுத்து இல்லாமல் போனதில் அத்தனை பரிவு! அன்று முழுக்க அந்த 'க'வையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறுதலோடு அது முடிந்திருந்தால் நான் இதை இவ்வளவு நீட்டி எழுதமாட்டேன். மறுநாள் அதே சூராவில் இன்னும் கொஞ்சம் கீழே போனேன். "உம்மை அனாதையாகக் கண்டு அவன் ஆதரவளிக்கவில்லையா?" அப்புறம், "ஆகவே, அனாதையை நீர் அடக்கி ஒடுக்காதீர்." எத்தீம் என்றால் எங்கோ இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் என்றுதான் அதுவரை என் மனதில் படம். மார்க்கத்தில் எத்தீம் என்றால் பருவம் அடையும் முன் தந்தையை இழந்த பிள்ளை. என் வீட்டில் அப்படி ஒருவன் இருந்தான். ஒன்பது வயது. அந்த வாரம் முழுக்க அவன் மீது நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பால் சிந்தியதற்கு, பாடம் எழுதாததற்கு, ஒன்றுமில்லாததற்கு. பாத்திரத்தை வேகமாக வைக்கும் சத்தம் கேட்டாலே அவன் தோள் சுருங்குவதைப் பார்த்திருந்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். குர்ஆனின் ஒவ்வொரு பேச்சும் தன்னை நோக்கியது என்று எடுத்துக்கொண்டு ஓத வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார்கள். அதை ஏட்டில் படித்திருந்தேன். அன்றைக்கு முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) இருந்து எழுந்துபோய், தூங்கிக்கொண்டிருந்தவனின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முப்பது வருடம் பொருள் தெரியாமல் ஓதி ஓதி நாவில் தங்கியிருந்ததால்தான் அந்தச் சூரா அந்த நேரத்தில் என்னிடம் வந்தது. அந்த நாட்களில் எந்தப் புத்தகத்தையும் தேடி எடுக்கும் தெம்பு எனக்கு இல்லை. உங்களிடம் 35 வருட ஓதல் இருக்கிறது தங்கை. எந்த வசனம் எந்த நாளில் வாய் திறக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி, எங்கிருந்து தொடங்குவது. மொழிபெயர்ப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். குர்ஆன் நிகழ்ச்சி வரிசையில் கதை சொல்லும் நூல் இல்லை, அதனால்தான் உங்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. நாவில் ஏற்கனவே இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஃபாத்திஹா. ஏழு வசனம். பர்ளுத் (கடமையான) தொழுகைகளில் மட்டும் ஒரு நாளைக்கு 17 தடவை ஓதுகிறோம். "தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறேன்" என்று அல்லாஹ் சொல்வதாக முஸ்லிமில் வரும் ஹதீஸ் ஃபாத்திஹாவைப் பற்றியதுதான். அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றதும், "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்கிறான் அல்லாஹ். இப்படி ஒவ்வொன்றுக்கும் பதில் வருகிறது. பதில் வரும் பேச்சை நாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் ஒரு மூச்சு நில்லுங்கள். ஐந்தாவது வசனத்தில் கொஞ்சம் கவனியுங்கள். அதுவரை அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாம், அங்கே திரும்பி அவனிடமே பேசத் தொடங்குகிறோம்: "உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்."

பிறகு குர்ஆனின் முப்பது பாகங்களில் கடைசி ஜுஸ்விலிருந்து ஒரு சிறிய சூராவை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க அதே சூரா போதும். முதலில் ஓதுங்கள், பிறகு அதன் மொழிபெயர்ப்பு, அதன்பின் நம்பகமான ஒரு தப்ஸீர், மறுபடியும் ஓதுங்கள். கடைசியாக ஓதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், முதல் தடவைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும். பத்து வசனங்களைக் கற்றால், அவற்றின் அறிவையும் செயலையும் கற்றுக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போகமாட்டோம் என்று சஹாபாக்கள் (நபித்தோழர்கள்) சொன்னதாக, அவர்களுக்கு அடுத்த தலைமுறையான தாபிஈன்களில் ஒருவரான அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ சொல்கிறார். ரமலான் கத்தத்தை விட வேண்டாம். அது ஒரு பக்கம் நடக்கட்டும். மூன்று நாளுக்குள் முடிப்பவருக்குக் குர்ஆன் விளங்காது என்ற ஹதீஸ் மட்டும் நினைவில் இருக்கட்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சிந்திப்பது வேறு, சட்டம் சொல்வது வேறு. ஹலால் ஹராம், தலாக், வாரிசுரிமை போன்ற வசனங்களில் மனதில் பட்டதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு ஆலிம்களிடம் போகத்தான் வேண்டும்.

வறட்சி பற்றி எழுதியிருந்தீர்கள். அழுகை வருகிறதா என்று பார்த்து ஓதலை எடை போட வேண்டாம். எனக்கும் பல நாட்கள் எதுவும் தோன்றாமல் போகும், ஓதி மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். ஓத மனம் வராத நாளில் நல்ல ஓதலைக் கேளுங்கள். நபியவர்களே இப்னு மஸ்ஊதிடம் "எனக்கு ஓதிக் காட்டுங்கள்" என்று கேட்டார்கள். "உங்கள் மீது இறங்கியதை உங்களுக்கே நான் ஓதிக் காட்டுவதா?" என்றார் அவர். "மற்றவர் ஓதக் கேட்பது எனக்கு விருப்பம்" என்றார்கள். நிஸா சூராவின் 41ஆவது வசனம் வந்ததும் "போதும்" என்றார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது நபியவர்களின் இரண்டு கண்களிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

இன்று இஷாவில் ஃபாத்திஹாவிலிருந்து தொடங்குங்கள். எந்த வசனத்தில் நின்றீர்கள் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் துஆவில் என் மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்,
அக்கா